இறக்கத்தில் சாவியைத் தொடாதே

1. சத்தம் நின்ற வண்டி

முதலில் ஏசி காற்று நின்றது. பிறகுதான் எஞ்சின் சத்தம் இல்லை என்பதே எனக்கு உறைத்தது.

நாங்கள் ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து போளூர் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் சாமை மூட்டை, முழு லோடு. ஓட்டுவது கோபால். இடது பக்க சீட்டில் நான். பள்ளமும் இடது பக்கம்தான். கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். டேஷ்போர்டில் ஒரு விளக்கு கூட எரியவில்லை. கோபால் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா பண்ண?" என்றேன்.

"ஆஃப் போட்டேன். மரம் வந்துச்சில்ல."

சொல்லி முடிக்கும்போது பெண்டு, அதாவது மலைவளைவு, வந்துவிட்டது. கோபால் ஸ்டியரிங்கை ஒடித்தான். அது ஒடியவில்லை.

மீதியைச் சொல்வதற்கு முன்னால், அது என்ன மரம், ஓடுகிற வண்டியில் ஒருவன் ஏன் எஞ்சினை அணைப்பான் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்கு லைசென்ஸ் எடுத்து வருகிற தம்பிகள் கோபாலைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். அவன் பைத்தியக்காரன் இல்லை. என்னை விட நல்ல டிரைவர்.

2. பழைய வண்டி கொடுத்த சீதனம்

என் பெயர் அருள்தாஸ். ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் லாரி ஓட்டி, போன வருஷம் ஓய்வு பெற்றேன். கோபாலும் நானும் ஒரே ஆலையில் சேர்ந்தவர்கள். என் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அவன் வீட்டில் எல்லோரும் தறி. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார அவனுக்கு முடியவில்லை, அதனால் லாரிக்கு வந்தான். வந்த பிறகு இரண்டு காலுக்கும் அதை விடப் பெரிய வேலை கிடைத்தது.

பழைய வண்டியைப் பற்றி எவனாவது ஆகா ஓகோ என்று பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்கிறவன் அதை ஒரு நாளும் ஓட்டியிருக்க மாட்டான். கேபினுக்குள்ளேயே எஞ்சின், நமக்கு இடது பக்கம் தகர பானெட்டுக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் கோணிச் சாக்கை நனைத்து அதன் மேல் போடுவோம், ஆரணியிலிருந்து வந்தவாசி போவதற்குள் சாக்கு காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும். என் இடது காது இன்றும் மந்தம். யாராவது ரகசியம் சொல்ல வேண்டும் என்றால் வலது பக்கமாக வாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

கிளட்ச் மிதிப்பது பாறாங்கல்லை மிதிப்பது போல. எங்கள் எல்லோருக்கும் இடது தொடை வலது தொடையை விடப் பெரிசு. பேன்ட் தைக்கக் கொடுத்தால் டெய்லர் அளவெடுத்துவிட்டு, "லாரியா?" என்று கேட்பார். ஸ்டியரிங்கில் பவர் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப வேண்டும் என்றால் கிளீனரும் ஒரு கை பிடிப்பான். சாயங்காலம் சோற்றைப் பிசைய விரல் மடங்காது. என் மனைவி உருட்டிக் கொடுத்து நான் தின்ற நாட்கள் உண்டு. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அது உண்மை.

கியர் விஷயம் தனி. இப்போது மாதிரி தள்ளினால் விழாது. கிளட்ச்சை மிதித்து, எந்தக் கியரிலும் இல்லாத நியூட்டருக்கு எடுத்து, காலை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்போம். எஞ்சின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போகிற அந்த நொடியைக் காதால் பிடிக்க வேண்டும். தவறினால் பல் அரைபடுகிற சத்தம் ஊருக்கே கேட்கும், டீக்கடையில் இருக்கிறவன் சிரிப்பான்.

பிரேக்கும் ஒரே மிதியில் பிடிக்காது. பம்ப் பம்பாக நாலு முறை அடித்தால்தான் மனது வைக்கும். இவ்வளவும் எங்களுக்கு யோசித்துச் செய்கிற வேலையாக இல்லாமல் கை கால் பழக்கமாகவே ஆகிவிட்டது.

3. ஸ்டாப்பர் மரம்

பழைய வண்டியில் எஞ்சினை அணைக்கச் சாவி வேண்டாம். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்பி நாப் இருக்கும். அதை வெளியே இழுத்தால் டீசல் நின்று எஞ்சின் அணையும். அதற்கு ஸ்டாப்பர் என்று பெயர்.

பெரிய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, டிரைவர்களை ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் மதிப்பார். மைலேஜ். லிட்டருக்கு எவ்வளவு ஓட்டினாய் என்பதுதான் கேள்வி. நல்ல மைலேஜ் கொடுக்கிறவனை ஆலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். கொடுக்காதவன் நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும். அதனால் இறக்கம் வந்தால் எல்லோரும் ஸ்டாப்பரை இழுத்து, நியூட்டரில் விட்டுவிடுவோம். ஸ்டியரிங்கில் பவர் இல்லை என்பதால் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஒரே கனம்தான். இறக்கம் முடிகிற இடத்தில் நாபை உள்ளே தள்ளிக் கியரைப் போட்டால் எஞ்சின் தானே உயிர் பெற்றுக்கொள்ளும். ஆபத்துதான். எங்கள் ஆட்களில் சிலர் அப்படிப் போய்ச் சேர்ந்தும் இருக்கிறார்கள். ஆனாலும் விட மாட்டோம், அதில் ஒரு பெருமை.

ஜமுனாமரத்தூர் பாதையில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு. ரோட்டோரம் ஒரு பெரிய புங்கமரம். ஸ்டாப்பர் மரம் என்றால் எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நிழல் கேபினில் விழுந்ததும் கை தானாக நாபுக்குப் போகும். அதற்கப்புறம் வண்டி சத்தமில்லாமல் இறங்கும். டயர் சத்தமும், லோடு கட்டிய கயிறு முறுகுகிற சத்தமும் மட்டும்தான். முன்னால் போகிறவர்களுக்கு நாங்கள் வருவதே தெரியாது. ஹாரனும் பாதி நாள் வேலை செய்யாது. அதனால் கிளீனர் கையை வெளியே விட்டுக் கதவைத் தப்தப்பென்று அடித்துக்கொண்டே வருவான். அந்தச் சத்தம் கேட்டால் மலை ஜனங்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார்கள்.

4. கோபாலுக்கு ஒரு ட்ரிப்

பெரிய முதலாளி காலமான பிறகு சின்ன முதலாளி பழைய வண்டிகளை ஒவ்வொன்றாகக் கழித்தார். கோபால் ஓட்டிய வண்டிதான் கடைசியாக இரும்புக்குப் போனது. புது வண்டிகள் வந்தன. ஏசி, பவர் ஸ்டியரிங், ஒரு விரலில் விழுகிற கியர். நான் ஏற்கெனவே ஒரு புது வண்டிக்கு மாறி, வண்டிக் கம்பெனி முகாமுக்கெல்லாம் போய்ப் பயிற்சி எடுத்திருந்தேன். புது வண்டியிலும் கஷ்டம் உண்டு. ஒரு சென்சார் பழுதானால் நடு ரோட்டில் படுத்துக்கொள்ளும், நம் ஸ்பேனருக்கு அங்கே வேலை இல்லை. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பதெல்லாம் முதலாளியின் போனில் தெரியும், டீ குடிக்க நின்றால் ஆபீசில் இருந்து போன் வரும். ஆனாலும் உடம்பு தப்பித்தது. அதற்காகவே அதைக் கும்பிடுவேன்.

கோபால் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். வயது அறுபதை நெருங்கிவிட்டது. அவன் மனைவி வள்ளியம்மா நெய்கிற தறி ஒன்றுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரோட்டில் போகிற லாரியின் சத்தத்தைக் கேட்டே, "இவன் தேர்ட்ல போட வேண்டியத ஃபோர்த்ல வலிக்கிறான்" என்று சொல்லுவான். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் சின்ன முதலாளியிடம் போய்ப் பேசினேன்.

"வயசாயிடுச்சே தாஸண்ணே. புது வண்டி அவருக்கு செட் ஆவுமா?" என்றார்.

"ஒரு ட்ரிப் குடுத்துப் பாருங்க மொதலாளி. நான் கூடப் போறேன்."

"சரி, போய்ட்டு வரட்டும். எனக்கு மைலேஜ் வேணும்ணே. போன்ல எல்லாம் வந்துடும், பாத்துட்டுச் சொல்றேன்."

அப்பா நாற்காலி போட்டுக் கேட்டதை மகன் போனில் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் போய்ச் சொன்னதும் அந்த ஒரு வார்த்தை கோபால் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. போகும்போதே ஒவ்வொரு பாலத்து இறக்கத்திலும் நியூட்டரில் விட்டான். நான் திட்டினேன். "இன்னாடா, இதுக்குப் போய் பேஜார் பண்ற" என்று சிரித்தான். மலைமேல் லோடு ஏற்றிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இறங்கினோம். புங்கமரத்தின் நிழல் கேபினில் விழுந்தது. புது வண்டியில் ஸ்டாப்பர் நாப் கிடையாது, அதனால் கியரை நியூட்டருக்குத் தள்ளிய அவன் கை சாவிக்குப் போய்விட்டது.

5. கதவைத் தட்டினேன்

எஞ்சின் ஓடினால்தான் பவர் ஸ்டியரிங்குக்குப் பவர். அணைந்துவிட்டால் அது பழைய ஸ்டியரிங்கை விடக் கெட்டி. கோபால் சீட்டை விட்டு எழுந்து, முழு உடம்பையும் போட்டு இழுத்தான். முன் சக்கரம் பள்ளத்தின் ஓரக் கல்லை உரசிவிட்டுத்தான் திரும்பியது. என் பக்கத்துக் கண்ணாடியில் ரோடே தெரியவில்லை, வெறும் மரத்தலைகள் தெரிந்தன. பயந்தேன், அப்பட்டமாகப் பயந்தேன்.

"சாவியப் போடு! சாவியப் போடுடா!"

அவனுக்குக் காது கேட்கவில்லை. காலால் பிரேக்கைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தான். பழைய வண்டியில் அது உயிரைக் காப்பாற்றும். இதில் ஒவ்வொரு அடிக்கும் டேங்கில் இருக்கும் ஏர் புஸ் புஸ்ஸென்று வெளியே போகிறது, எஞ்சின் ஓடாததால் புது ஏர் வராது. பழைய வண்டியின் பிரேக் ஆயிலில் வேலை செய்யும், இது காற்றில் வேலை செய்கிறது. புது வண்டியில் ஏர் தீர்ந்தால் பின் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். சமவெளியில் அது நல்லதுதான். லோடு வண்டி மலைப் பெண்டில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பூட்டிக்கொண்டால், வண்டி அப்படியே வழுக்கிப் பள்ளத்துக்குப் போகும். ஹேண்ட் பிரேக்கை இழுக்கலாம் என்று என் கை போனது. அதுவும் அதே கதைதான் என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பெண்டுக்கு முன்னால் ஒரு மினி டெம்போ. போளூர் சந்தைக்குப் போகிற மலை ஜனங்கள், பின்னால் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். இரண்டு ஆடுகள். ஒரு பெண் மடியில் குழந்தை. டெம்போ நடு ரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை, எங்களிடம் சத்தமே இல்லையே.

கோபால் ஹாரனை அமுக்கினான். சாவி அணைந்திருந்ததால் ஹாரன் இல்லை. நான் கண்ணாடியை இறக்கப் பட்டனை அமுக்கினேன். அதுவும் கரண்டில் ஓடுகிற கண்ணாடி, இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவின் வெளித்தகரத்தைத் தப்தப்பென்று அடித்தேன். கீழே பள்ளம். கிளீனர் வேலையை நான் விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் கைக்கு அந்தத் தாளம் மறக்கவில்லை.

டெம்போவில் நின்றிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிரைவர் கேபின் மேல் ஓங்கி ஓங்கித் தட்டினார். டெம்போ வலது பக்கம் மலையை ஒட்டின மண்ணில் ஏறி ஒதுங்கியது. நாங்கள் அதன் பக்கத்தில் காற்றாகக் கடந்து போனோம். ஆட்டு வாசனை கூட என் மூக்கில் அடித்தது.

நான் உள்ளே விழுந்து கதவைச் சாத்தினேன். "பிரேக்க பம்ப் அடிக்காத! அமுக்கிப் புடிச்சுகினே இரு! சாவியத் திருப்பு!"

இந்த முறை காதில் விழுந்தது. திருப்பினான். டேஷ்போர்டு எரிந்தது, ஏர் குறைவு என்று பஸ்ஸர் அலறியது, ஏர் முள் சிவப்புக்கு மேலே ஒரு நூல்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் சுற்றவே இல்லை. மறுபடி திருப்பினான். சுற்றவில்லை.

"ஸ்டார்ட் ஆவலடா தாஸு! ஆவல!"

அவன் காலைப் பார்த்தேன். இடது கால் சும்மா இருந்தது. பழைய வண்டியில் நியூட்டரில் இருந்தால் சாவியைத் திருப்பினாலே போதும். இந்த வண்டியில் கிளட்ச்சை அடி வரைக்கும் மிதிக்காவிட்டால் எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் எடுக்காது.

"கிளட்ச்! கிளட்ச்ச மிதிச்சிகினு திருப்பு! ஜல்தி!"

மிதித்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் அவன் கையில் வெண்ணெய் மாதிரி இளகியது, வண்டி பெண்டில் திரும்பியது. இருந்தாலும் வண்டி நியூட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கியரில் விழுந்தால் ஒழிய எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்தாது. அந்த வேகத்தில் கியர் எப்படி விழும்? தள்ளிப் பார்த்தான், கரகரவென்று துப்பியது. நானாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். புது வண்டிக்கு மாறி என் காது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது.

கோபால் தலையை லேசாகச் சாய்த்தான், எஞ்சினைக் கேட்கிறவன் மாதிரி. கிளட்ச்சை விட்டான், ஆக்சிலேட்டரை ஒரே தட்டு, மறுபடி கிளட்ச், மணிக்கட்டால் ஒரு தள்ளு. தேர்ட் கியர் வெண்ணெயில் கத்தி போன மாதிரி விழுந்தது. எஞ்சின் ஓலமிட்டது. புகையை அடைத்து எஞ்சினை அடக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டான். வண்டி முதுகைப் பிடித்து இழுத்தது போல வேகம் குறைந்து, செகண்டுக்கு வந்து, ரோடு அகலமாக இருந்த ஓரிடத்தில் நின்றது.

நான் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அப்புறம் அவன் பக்கத்துக் கதவைத் திறந்து அறையக் கை ஓங்கினேன். அவன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஓங்கிய கையை இறக்கிவிட்டேன்.

டெம்போவும் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "ஏங்க, உசுரு மேல ஆச இல்லியா? வண்டில கொழந்த கீதுங்க!" என்றார். கோபால் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அதற்கு மேல் திட்டவில்லை.

6. ஆலை வாசலில்

மீதி வழியை நான் ஓட்டினேன். ஆலைக்குள் நுழையும்போது கோபால், "மொதலாளி போன்ல தெரிஞ்சிருக்குமாடா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்திருந்தால் அவன் வேலை அன்றோடு முடிந்தது.

சின்ன முதலாளி போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தார்.

"கோபால்ணே, இன்னா ஓட்டு ஓட்டிக்கீறீங்க! நம்ம வண்டிங்கள்லயே உங்க மைலேஜ்தான் டாப்பு. நாளைலேர்ந்து இந்த வண்டி உங்களுது."

அவர் மைலேஜை மட்டும்தான் பார்த்திருக்கிறார். போனில் மற்றது இருந்ததோ இல்லையோ, அவர் கண் அங்கே போகவில்லை. நான் கோபாலைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை அவனுக்கு. நான் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன் என்றும் அவனுக்குத் தெரியும்.

"அந்த மைலேஜ வெச்சுக்காதீங்க சின்ன மொதலாளி," என்றான் கோபால். "மலை எறக்கத்துல எஞ்சின ஆஃப் பண்ணிட்டேன். பழைய வண்டி நெனப்பு. ஒரு டெம்போ ஜனத்த கொன்னுருப்பேன்."

முதலாளி முகத்தில் சிரிப்பு அப்படியே செத்தது. கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

சாவி என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை. என் கோபம் எனக்கே தெரியும், அது எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். அன்றைக்குச் சரியான நேரத்தில் வந்தது.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. உங்க அப்பாரும் மைலேஜ்னாரு, நீங்களும் மைலேஜ்னு கேக்கறீங்க. அத மட்டும் கேட்டுகினு இருந்தா எவனாவது ஒருத்தன் எங்கனாச்சும் எஞ்சின அணச்சிகினுதான் இருப்பான். இவன் சொல்லிட்டான். சொல்லாதவன் எத்தினி பேருன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்த ஸ்பீட்ல கியர் போட்டு வண்டிய நிறுத்துனதும் இவன்தான். நான் ஓட்டியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோம்."

சின்ன முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டார். "நீங்க சரின்னு சொல்ற வரிக்கும் அவரு தனியா ஓட்டக் கூடாது. சரின்னு சொன்னா அது உங்க பொறுப்பு தாஸண்ணே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்புறம் ஆலையில் டிரைவர்களிடம் மைலேஜ் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலை ட்ரிப்புக்குக் கேட்பதில்லை.

7. சிவப்பு நூல்

அடுத்த ட்ரிப்புக்கு வந்தபோது கோபால் வண்டிச் சாவியை வாங்கி அதன் தலையில் ஒரு சிவப்புப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றினான். தறியில் பாவு நூலைப் பிணைக்கிற முடிச்சு, எளிதில் அவிழாது. முடிச்சு போடும் விதத்தை வள்ளியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கை தானா போனாலும் விரல்ல நூலு தட்டுப்படும். அப்ப நெனப்பு வந்துடும்," என்றான்.

புது வண்டிக்கு மாறுகிற பழைய டிரைவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புது வண்டியில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை முகாமில் சொல்லித் தருவார்கள். எதை மறக்க வேண்டும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நம் கைக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதை நாமேதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இறக்கத்தில் சாவியைத் தொடாதே. பிரேக்கைப் பம்ப் அடிக்காதே. நியூட்டரில் விடாதே. காதை மட்டும் வைத்துக்கொள், அது எந்த வண்டிக்கும் உதவும்.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக அவனோடு ஜமுனாமரத்தூர் போய் வந்தேன். வண்டி அவனுடையது, நான் சும்மா இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது புங்கமர நிழல் கேபினில் விழுந்தது. அவன் கை ஸ்டியரிங்கை விட்டுச் சாவிக்குப் போனது. விரல் நூலைத் தொட்டது, நின்றது, திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது. செகண்ட் கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது.

"இன்னும் போவுதுடா கை," என்றான்.

"திரும்பி வருதில்ல, அது போதும்," என்றேன்.